அரைமணி நேர நடை

அன்னையர் தினத்துக்கு இந்த முறை உணவகம் வேண்டாம், ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போவோம் என்று மகள் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "அங்க ரொய்லெற் இருக்குமா?" அடுத்தது, "எத்தினை படி?" அதற்கடுத்தது, "பிடிச்சு நடக்கக் கம்பி இருக்குமா?" மூன்றும் எனக்காகக் கேட்டவையல்ல. வீட்டில் 82 வயதில் அப்பா இருக்கிறார்.

"அம்மா, சின்னப் பிள்ளையளும் நடக்கிற பாதை. போய்வர ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அரைமணி நேரம் காணும்" என்றாள். கைத்தொலைபேசியில் காட்டினாள். பாதையின் பெயருக்குக் கீழே 'சுலபம்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. யாருக்குச் சுலபம் என்று அதில் எழுதியிருக்கவில்லையே.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அதிலிருந்து அப்பாவின் நடை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மோலுக்குள்தான். காலையில் நான் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டால், அவரைப் போலவே இறக்கிவிடப்பட்ட இன்னும் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து நான்கு சுற்று நடந்து, உணவுக்கூடத்துக் கதிரைகளில் இருந்து ஊர்க்கதை கதைப்பார். வெளியே நடக்க நான் விடுவதில்லை. குளிர்காலத்தில் ஐஸ் வழுக்கும். வெயில் காலத்தில் தலைசுற்றும். இலையுதிர் காலத்தில் ஈரச்சருகு. பனி உருகும் காலத்தில் சேறு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் வருடத்தில் அவர் வெளியே நடக்கத் தகுந்த நாள் என்று என் கணக்கில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அவருடைய இதயத்தில் இரண்டு ஸ்ரென்ற் வைத்திருக்கிறது என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே நான் எல்லா வாக்குவாதங்களையும் வென்றுவிடுவேன்.

ஆனால் இந்த முறை அப்பா தானாகவே சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்க முன்னரே குரங்குத் தொப்பியும் போட்டாயிற்று. மே மாதத்தில்.

ரொறன்ரோத் தமிழருக்கு நீர்வீழ்ச்சி என்றால் நயாகராதான். லண்டனிலிருந்து மாமி வந்தாலும், சிட்னியிலிருந்து மச்சாள் வந்தாலும், அடுத்த சனிக்கிழமை புளிச்சாதமும் கட்டிக்கொண்டு நயாகராவுக்குத்தான். எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அந்தப் பயணங்களில் ஹமில்ரனில் பெரிய பாலத்தைக் கடந்த பிறகு, இடது பக்கம் ஏரி இருக்க, வலது பக்கத்தில் நீளமாக ஒரு பச்சைச் சுவர் கூடவே வரும். அதை ஏதோ மலை என்று நினைத்திருந்தேன். மலையல்ல, நிலத்தின் விளிம்பு அது. ஒரு பக்கம் நிலம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் கிடக்க, நடுவே கற்சுவராக நிற்கிறது. நயாகரா ஆறு விழுவதும் அதே சுவரிலிருந்துதான். குவீன்ஸ்ரனிலிருந்து ரொபமோரி வரை அந்த விளிம்பை ஒட்டியே ஏறக்குறைய 900 கிலோமீற்றருக்கு ஒரு நடைபாதை போகிறது. ஹமில்ரன் நகரம் அந்தச் சுவரின் மேலும் கீழுமாகக் கட்டப்பட்டது. அதனால் நகர எல்லைக்குள் ஓடும் சின்னச் சின்ன ஓடைகளெல்லாம் எங்காவது ஓரிடத்தில் குதித்தே ஆகவேண்டும். அப்படி நூறுக்கும் மேற்பட்ட நீர்வீழ்ச்சிகள் அங்கே இருக்கின்றன. உருக்குத் தொழிற்சாலைப் புகையைப் பார்த்து, 'ஹமில்ரனோ, அங்க என்ன கிடக்கு' என்று கடந்து போனவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் போனது அன்காஸ்ரர் பக்கமுள்ள ரிஃபனி நீர்வீழ்ச்சிக்கு. பெயரைக் கேட்டதும் எனக்கு நகைக்கடைதான் ஞாபகம் வந்தது. அதல்ல, இருநூறு வருடங்களுக்கு முன் அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்த ஒலிவர் ரிஃபனி என்ற டொக்டரின் பெயராம். "டொக்டர் எண்டால் சரி" என்றார் அப்பா, ஏதோ அனுமதி கொடுப்பவர்போல.

வாகனத் தரிப்பிடம் மிகச் சின்னது. அன்னையர் தினமென்பதால் எங்களைப்போல யோசித்தவர்கள் நிறையப் பேர். ஒரு கார் வெளியேறும்வரை வீதியோரத்தில் காத்திருந்தோம். அந்த நேரத்தில் நான் மூன்று முறை "வேணுமெண்டால் திரும்பிப் போவமே" என்றேன். மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அப்பா எதுவும் சொல்லாமல் கதவுக் கைபிடியில் கையை வைத்தபடி இருந்தார்.

பாதை உண்மையிலேயே சுலபமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். அகலமான மண்பாதை. பக்கத்திலேயே ஓடை. இரண்டு பக்கமும் சரிவு உயர்ந்து போவதால் ஒரு பள்ளத்துக்குள் நடப்பதுபோல இருக்கும். நெடுஞ்சாலைச் சத்தம் நாலு நிமிடத்தில் இல்லாமல் போய்விடுகிறது. மேப்பிள் மரங்களில் இலை இன்னும் முழுதாக விரியவில்லை, வெளிச்சம் தடையில்லாமல் நிலம்வரை வந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே அவசரப்பட்டுப் பூத்ததுபோலச் சரிவு முழுக்க ட்ரிலியம். ஒன்ராறியோவின் அரச பூ. சாரதி அனுமதி அட்டையிலும் சுகாதார அட்டையிலும் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், நிலத்தில் பார்த்தது அன்றுதான். மூன்று இலை, அதன்மேல் மூன்று வெள்ளை இதழ். அப்பா நின்று குனிந்து பார்த்தார்.

"வில்வம் மாதிரி மூண்டு."

"அம்மப்பா, தொடாதேங்கோ. மூண்டு இலை எண்டால் இங்க கவனமா இருக்கோணும். பொய்சன் ஐவிக்கும் மூண்டு இலை" என்றாள் மகள்.

"எங்கட மூண்டு இலை சாமிக்கு. உங்கட மூண்டு இலை நஞ்சு" என்றார்.

முதலாவது மரப்பாலம் வந்தபோது நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். வேர்கள் பாதைக்குக் குறுக்கே ஓடியிருந்த இடங்களிலும் பிடித்திருந்தேன்தான். பாலத்தில் கையை உதறிவிட்டார். கோபத்தோடு அல்ல. "விடு பிள்ளை. நீ பிடிச்சால்தான் விழுவன்." அதற்குப் பிறகு நான் ஓரடி பின்னால் நடந்தேன். பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் கவனித்தேன், மோலுக்குள் அவர் நடப்பது வேறு நடை. அங்கே காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், சப்பாத்தின் சத்தம் எனக்குத் தூரத்திலேயே கேட்கும். இங்கே ஒவ்வொரு காலையும் தூக்கி, வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தார். வரம்பில் நடந்து பழகியவரின் நடை. எனக்கு அது மறந்துபோயிருந்தது.

"இது காடோ?" என்று கேட்டார் ஒருமுறை.

"காடுதான் அம்மப்பா."

"காடெண்டால் பாதை தெரியக்கூடாது." 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வன்னிக்குள் அம்மாவோடு சில மாதங்கள் இருந்தவர். அதற்குமேல் அதைப்பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

நீர்வீழ்ச்சி கண்ணில் படுமுன் சத்தம் வந்தது. எங்களுக்கு முதல் அவருக்குக் கேட்டதுதான் அதிசயம், காதில் கருவி போட்டிருப்பவர். நின்றார். "ஆரோ இறைக்கினம்" என்றார்.

மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இறைப்பு மிசின் குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம். விடியற்காலையில் அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வீடு எழும்பும்.

இதை இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு இது தெரிய நியாயமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும். அருவி என்ற சொல் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கும். அதைக் கிணறு வெட்டி எடுக்கிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே எங்களுக்குத் தண்ணீர் என்பது ஓடுவதல்ல, விழுவதல்ல. பங்கிடப்படுவது. காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பங்கு இருக்கும். பங்குக்கு ஏற்றபடி இறைக்கிற நாள், அதற்குப் பெயர் முறை. முறை தவறினால் அண்ணன் தம்பி என்று பார்ப்பதில்லை. பரம்பரை பரம்பரையாக வழக்குப் பேசியிருக்கிறார்கள்.

எங்கள் பேரனுடைய கிணறு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தோட்டம் இரண்டாவது. சித்தப்பாவுக்குத் தோட்டம் மட்டும்தான்.

வளைவு ஒன்று திரும்பியதும் தெரிந்தது. 21 மீற்றர் உயரம் என்று எழுதியிருக்கிறார்கள். நயாகராவைப் பார்த்த கண்ணுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நயாகராவில் நாம் மேலே நின்று பார்க்கிறோம், கம்பி வேலிக்குப் பின்னால், ஆயிரம் பேரோடு. இங்கே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம், முகத்தில் ஈரம் படும் தூரத்தில். பாதை ஒரு மரமேடையில் முடிகிறது. மேலே தடித்த கல் விளிம்பு. அதற்குக் கீழே பழைய புத்தகங்களை அடுக்கி வைத்ததுபோல மெல்லிய படைகள். தண்ணீர் விளிம்பிலிருந்து ஒன்றாக விழுந்து, அந்த அடுக்குகளில் பட்டுப் பட்டு, நூறு நூலாகப் பிரிந்து இறங்குகிறது. பனி உருகி மழையும் பெய்திருந்ததால் தண்ணீர் நிறைய. ஓகஸ்டில் வந்தால் இவ்வளவு இருக்காது என்று பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னார். குளிர்காலத்தில் முழுதும் உறைந்துவிடுமாம், அப்போது கோடரியும் கயிறுமாக ஆட்கள் அந்த ஐஸில் ஏறுவார்களாம். இவர்களுக்கு வேறு வேலையில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். அந்தப் படிப்பால் என்ன வேலை கிடைக்கும் என்று நான் நாலு வருடம் புலம்பியிருக்கிறேன். அன்று அம்மப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். மேலே இருக்கும் கல் டொலோஸ்ரோன், சுண்ணாம்புக் கல்லின் உறவு, கடினமானது. கீழே இருப்பவற்றில் களிக்கல் படைகளும் உண்டு, அவை மெதுமையானவை. தண்ணீரும் உறைபனியும் கீழே இருப்பதை முதலில் அரித்துவிடும். மேல்கல் பிடிமானமில்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் உடைந்து விழும். அப்படி உடைந்து உடைந்துதான் நீர்வீழ்ச்சிகள் பின்னால் நகர்கின்றன. இதெல்லாம் 40 கோடி வருடங்களுக்கும் முன்பு வெப்பமான, ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தவை.

"கடலோ? இங்கயோ?"

"ஓம் அம்மப்பா. பவளமும் சிப்பியும் கல்லுக்குள்ள கிடக்கும்."

"எங்கட கல்லிலும் சிப்பி கிடக்கும். கிணறு வெட்டேக்க வரும்."

அதுவும் கடலில் படிந்த கல்தான், இதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது என்றாள் மகள். அப்பா அந்த வயது வித்தியாசத்தைப் பொருட்படுத்தவில்லை. சுண்ணாம்புக் கல் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார். சில இளைஞர்கள் அறிவிப்புப் பலகையைத் தாண்டி அடிவாரம்வரை போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"இது எங்க போகுது?"

இந்த ஓடை அன்காஸ்ரர் ஓடையில் சேரும், அது ஸ்பென்சர் ஓடையில், அது கூற்ஸ் பரடைஸ் என்ற சதுப்பு நிலத்தில், பிறகு ஹமில்ரன் துறைமுகம், பிறகு ஒன்ராறியோ ஏரி என்று மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எங்கட வீட்டுக் குழாயில வாறதும் அந்த ஏரித் தண்ணிதான்."

"இடையில ஒருத்தரும் மறிக்கிறதில்லையோ?"

"ஏன் மறிக்கோணும்?"

அவர் சிரித்தார். பிறகு, அதே குரலில், தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்டைக்கு அவன்ர முறை."

யாருடைய என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் 'அவன்' என்று சொல்லப்படுகிறவர் ஒருவர்தான்.

எனக்குத் தெரிந்த கதை இது. 1982 ஆவணியோ புரட்டாதியோ. கடும் கோடை, கிணறு வற்றி, ஒருவர் இறைத்தால் அடுத்தவருக்கு ஊறி வர அடுத்த நாளாகும். அதற்கு முதல் கிழமை சொந்தத்தில் ஒரு செத்தவீடு, இரண்டு மூன்று நாள் யாரும் இறைக்கவில்லை, முறை குழம்பிவிட்டது. விடியப்புறம் அப்பா மிசினை இயக்கியபோது சித்தப்பா வந்து அது தன் முறை என்றார். வாய்த்தர்க்கம். சித்தப்பா வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பினார். அப்பா மறிக்கப்போக மண்வெட்டிப் பிடி நெற்றியில் பட்டது. அப்பா இரத்தத்தோடு வீட்டுக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன், எனக்கு 14 வயது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அப்பாவிடம் ஒரு கொப்பி இருந்தது. வருடக்கணக்காக யார் எந்த நாள் இறைத்தது என்று திகதி போட்டு, அழகான கையெழுத்தில். கொப்பியைப் பார்த்தார்கள். தீர்ப்பு அப்பாவின் பக்கம். சித்தப்பா தண்ணியைக் களவெடுத்தவர், அண்ணனை அடித்தவர். அப்படித்தான் எங்கள் வீட்டில் அவர் வாழ்ந்தார். மூன்று வருடம் கழித்துக் காணியில் தன் பங்கை ஈடு வைத்து பிரான்ஸுக்குப் போனார்.

"கொப்பியில நான் மாத்தி எழுதினனான்" என்றார் அப்பா. "செத்தவீட்டு நாளுகள் ரெண்டை எடுத்துப்போட்டு எழுதினன். என்ர புகையிலைக் கண்டு வாடிப்போய் நிண்டது. அவன்ர மிளகாயும் அப்பிடித்தான். வாத்தியார் எழுதினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவனே கேக்கேல்லை. கொப்பியைப் பார்த்திட்டு, 'அப்ப நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் போல' எண்டவன்."

அருவியின் சத்தத்தில் அவர் கொஞ்சம் உரத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் தங்களைப் படமெடுத்துத் தரும்படி மகளிடம் கேட்டது. அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "முறை எண்டால் என்ன?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

அந்தக் கிணற்றுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஆனியில் ஊர் முழுக்க வெளிக்கிட்டது. அதன் பிறகு அந்த இடம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். அப்பாவின் முறையிலும் யாரும் இறைக்கவில்லை, சித்தப்பாவின் முறையிலும் யாரும் இறைக்கவில்லை, இருபது வருடங்களுக்கு மேலாக. எங்கள் துண்டு விடப்பட்டபோது அங்கேயிருந்து ஒரு மச்சான் படம் அனுப்பினார். பற்றைக்குள் வட்டமாக ஒரு கட்டு. உள்ளே கல்லும் குப்பையும். வரம்பையும் காணோம், வாய்க்காலையும் காணோம். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கட்டு எங்கட காலத்துக் கட்டுத்தான்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி நடந்தோம். இறக்கம் என்பதால் திரும்புவது இன்னும் சுலபம் என்று நினைத்திருந்தேன், வயதானவர்களுக்கு அப்படியல்ல. முழங்கால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் நோகும். இரண்டு இடத்தில் நின்றார். இரண்டாவது தடவை அவராகவே கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது என்று சொல்ல முடியவில்லை. நான் என் பங்கை எண்ணிக்கொண்டிருந்தேன். என் கலியாணத்துக்குச் சித்தப்பாவுக்குக் கார்ட் அனுப்பவேண்டாம் என்று சொன்னது அப்பா அல்ல, நான். அம்மாவின் செய்தி கேட்டு அவர் பாரிஸிலிருந்து எடுத்தபோது தொலைபேசியை எடுத்ததும் நான். "அண்ணையோட கதைக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார். அப்பா எனக்கு முன்னால் கதிரையில் முழித்தபடி இருந்தார். "அப்பா நித்திரை" என்றேன். "சரி, எழும்பினாப்பிறகு சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை.

தரிப்பிடத்துக்கு வந்து மணியைப் பார்த்தேன். போய்வர ஐம்பத்தைந்து நிமிடம். அரைமணி என்றவள் என் மகள்.

காரில் ஏறி, பட்டியைப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்பா இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். சப்பாத்து நுனியில் சேறு. மகள் காரை வீதிக்கு எடுத்தாள்.

"பாரிஸில இப்ப எத்தினை மணி?" என்றார்.

இங்கே நாலேகால். "பத்தேகால், அப்பா. இரவு."

"நித்திரையாய் இருப்பான்."

கைத்தொலைபேசியைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாளைத் தேடினேன். 33இல் தொடங்கும் இலக்கம். பெயர் போடாமல் அப்படியே கிடந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன்.